ஸ்டீராய்டு மருந்து: பயந்து ஒதுக்கவும் வேண்டாம், பழகியது என்று விழுங்கவும் வேண்டாம்

மருத்துவர் எழுதிய சீட்டில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று தெரிந்ததும் நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழும். "ஸ்டீராய்டா? எலும்பு தேய்ஞ்சு போயிடும், உடம்பு ஊதிடும், வேண்டவே வேண்டாம்" என்பார் ஒருவர். "போன வருஷம் எனக்கும் இதே மாத்திரைதான் கொடுத்தாங்க. ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு. டாக்டர்கிட்ட எதுக்குப் போகணும், கடையில கேட்டாலே கிடைக்கும்" என்பார் இன்னொருவர்.

முதல் பேச்சைக் கேட்டு மூச்சிரைப்புள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் கொடுக்காமல் விட்டு, நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடும் பெற்றோர் இருக்கிறார்கள். இரண்டாவது பேச்சைக் கேட்டு மாதக்கணக்கில் மூட்டு வலிக்கு மாத்திரை விழுங்கி, சர்க்கரை ஏறி, எலும்பு முறிந்து படுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தவறுக்கும் காரணம் ஒன்றுதான். இந்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை யாரும் நமக்கு நிதானமாகச் சொல்லவில்லை. அதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். அது புரிந்துவிட்டால் "திடீரென்று நிறுத்தாதே", "வாயைக் கொப்பளி", "காலையில் சாப்பிடு" என்று மருத்துவர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே புரியும்.

எந்த ஸ்டீராய்டு?

ஸ்டீராய்டு என்பது ஒரே ஒரு மருந்தின் பெயர் அல்ல. ஒரே மாதிரியான வேதியியல் அமைப்பு கொண்ட ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். ஜிம்முக்குப் போகும் சில இளைஞர்கள் தசை வளர்க்க ரகசியமாகப் போட்டுக்கொள்ளும் ஊசியும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அது ஆண் ஹார்மோனைப் போன்றது. மருத்துவர் மூச்சிரைப்புக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுப்பது வேறு வகை. இதற்கும் தசை வளர்ச்சிக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் நீண்ட நாள் எடுத்தால் இது தசையைக் கரைக்கும்.

பிரெட்னிசலோன், மெத்தில் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன், டெஃப்லசகார்ட் ஆகியவை இந்த வகையில் நாம் அடிக்கடி பார்க்கும் பெயர்கள். இன்ஹேலரிலும் மூக்கு ஸ்பிரேயிலும் வரும் பியூடசோனைடு, ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் ஆகியவையும், தோல் களிம்பில் வரும் குளோபெட்டசாலும் இதே வகைதான்.

இவை அனைத்தும் நம் உடம்பே தினமும் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைப் பார்த்துச் செய்யப்பட்டவை. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அதைத் தயாரிக்கின்றன. ஆரோக்கியமான ஒருவரின் உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் அளவுக்குச் சுரக்கிறது. அதிகாலையில் அது உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் மிகக் குறைந்திருக்கும். காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை என்று உடம்புக்கு நெருக்கடி வந்தால் சுரப்பு பல மடங்கு கூடும்.

மருந்தாக மாறிய கதை

அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், 1929-லிருந்தே ஒரு விநோதத்தைக் கவனித்து வந்தார். கை கால் மூட்டுகள் வீங்கி முடங்கிக் கிடக்கும் முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலை வந்தால், அந்தச் சமயத்தில் மூட்டு வலி குறைந்துவிடுகிறது. கர்ப்பமான பெண்களுக்கும் அப்படியே. உடம்புக்குள்ளேயே வலியை அடக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அவர் சந்தேகித்தார்.

அதே நிறுவனத்தில் எட்வர்டு கெண்டல் என்ற வேதியியலாளர், அட்ரீனல் சுரப்பியிலிருந்து பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துக் கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தில் டாடியஸ் ரைக்ஸ்டைனும் அதே வேலையில் இருந்தார். கெண்டல் பிரித்தெடுத்த பொருட்களில் ஒன்று கார்ட்டிசோன். 1948 செப்டம்பரில் ஹென்ச் அதை, முடக்குவாதத்தால் நடக்க இயலாமல் இருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆனால் மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பி வந்தது. தொடர்ந்து கொடுத்தவர்களுக்கு முகம் உப்பியது, மனநிலை மாறியது, வேறு தொல்லைகளும் வந்தன. இந்த மருந்தின் நன்மையும் விலையும் மருத்துவ உலகுக்கு ஆரம்ப ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டன.

அழற்சி என்பது என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். இது நோய் அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. திசுக்களில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள் அந்நியக் கிருமியை அடையாளம் கண்டதும் ரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. இன்டர்லூகின், டிஎன்எஃப் என்று அந்தச் செய்திகளுக்குப் பெயர். இவற்றைக் கேட்டு ரத்தக் குழாய்கள் விரிகின்றன, அவற்றின் சுவர் கசிகிறது, ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் அந்த இடத்தில் வந்து இறங்குகின்றன. கிருமி ஒழிந்ததும் எல்லாம் அடங்க வேண்டும்.

சிலருக்கு இது அடங்குவதில்லை. வேறு சிலருக்குத் தேவையே இல்லாமல் தொடங்குகிறது. தூசியையும் பூனை முடியையும் எதிரி என்று நினைத்து மூச்சுக்குழாய் வீங்கினால் அது ஆஸ்துமா. சொந்த மூட்டையே தாக்கினால் முடக்குவாதம். தோலில் வந்தால் எக்சிமா. சிறுபிள்ளைகளுக்குச் சிறுநீரில் புரதம் கசிந்து முகமும் காலும் வீங்கும் நெஃப்ரோட்டிக் நோயிலும் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு இருக்கிறது. தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளை ஒரே நேரத்தில் தாக்கும் லூபஸ் நோய், இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. இங்கெல்லாம் காவலரே வீட்டை உடைக்கிறார். அவரை அடக்கத்தான் ஸ்டீராய்டு.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

நம் செல்களைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. பல மருந்துகள் அந்தச் சவ்வின் வெளியே நின்று செல்லுக்குச் சமிக்ஞை கொடுக்கின்றன. ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் சவ்வைக் கடந்து நேராக உள்ளே போய்விடுகிறது.

உள்ளே அதற்காகவே ஒரு புரதம் காத்திருக்கிறது. அதை ஏற்பி என்று சொல்லலாம். மனித உடம்பின் இந்த ஏற்பிக்கான மரபணுவை 1985-ல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்டு எவன்ஸ் குழுவினர் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது இந்த ஏற்பியைச் சில துணைப் புரதங்கள் பிடித்து வைத்திருக்கும். ஸ்டீராய்டு வந்து பூட்டில் சாவி போலப் பொருந்தியதும் அதன் வடிவம் மாறுகிறது. பிடி தளர்கிறது. இரண்டும் சேர்ந்து செல்லின் உட்கருவுக்குள் நுழைகின்றன. நம் மரபணுக்கள் எல்லாம் இருப்பது அங்கேதான்.

உட்கருவுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, அழற்சியை அடக்கும் மரபணுக்களை இயக்கி வைப்பது. அப்படி உருவாகும் புரதங்களில் ஒன்று அனெக்சின். செல் சவ்விலிருந்து ஒரு கொழுப்பு அமிலம் பிரிந்து வருவதை அது தடுக்கிறது. அந்தக் கொழுப்பு அமிலத்திலிருந்துதான் வலியும் வீக்கமும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்களும், மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூகோட்ரையீன்களும் தயாராகின்றன. ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இந்த ஆற்றின் ஒரு கிளையை மட்டும் அடைக்கின்றன. ஸ்டீராய்டு ஆறு தொடங்கும் இடத்திலேயே அணை போடுகிறது. அதனால்தான் வலி மாத்திரை கேட்காத இடத்திலும் அது கேட்கிறது.

இரண்டாவது வேலை, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை அணைப்பது. அழற்சி வந்த செல்லில் என்எஃப் கப்பா பி என்றொரு புரதம்தான் தலைமை அதிகாரி. ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் 1986-ல் அதைக் கண்டறிந்தார்கள். கிருமி வந்த செய்தி கிடைத்ததும் அது உட்கருவுக்குள் போய், இன்டர்லூகின், டிஎன்எஃப் போன்றவற்றைத் தயாரிக்கும் மரபணுக்களை இயக்கிவிடும். ஸ்டீராய்டைச் சுமந்து வந்த ஏற்பி இந்த அதிகாரியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. உத்தரவு போவதில்லை.

இங்கே இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம் மரபணு இழை, நூல்கண்டில் சுற்றிய நூல் போலச் சில புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றியிருக்கும் பகுதியை செல்லால் படிக்க முடியாது. அழற்சியின்போது அந்தச் சுற்று தளர்த்தப்பட்டுக் குறிப்பிட்ட மரபணுக்கள் திறக்கப்படுகின்றன. ஸ்டீராய்டின் ஏற்பி ஒரு நொதியை அழைத்து வந்து அதை மீண்டும் இறுக்கிச் சுற்ற வைக்கிறது. புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் இந்த நொதி குறைந்துவிடுகிறது. ஆஸ்துமாவோடு பீடி, சிகரெட் பழக்கமும் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் சரியாகக் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து வாங்கும் காசு புகையாகப் போகிறது என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல.

கதை மரபணுவோடு முடியவில்லை. 2024-ல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு புதிய வழியை எடுத்துச் சொன்னார்கள். செல்லின் மின் நிலையம் எனப்படும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையும் ஸ்டீராய்டு மாற்றுகிறது. அதன் விளைவாக விழுங்கு செல்களில் இட்டாகொனேட் என்ற பொருள் கூடுதலாக உருவாகிறது. அந்தப் பொருளுக்கே அழற்சியை அடக்கும் குணம் உண்டு. 75 ஆண்டுகளுக்கு மேல் பயன்பாட்டில் இருக்கும் மருந்தில் இன்னும் புதிய செய்தி கிடைக்கிறது. பக்க விளைவு குறைந்த மருந்துகளைத் தேடுவோருக்கு இது ஒரு வழிகாட்டி.

ஏன் உடனே கேட்பதில்லை?

மரபணுவை இயக்கி, புரதம் தயாராகி, பழைய ரசாயனங்கள் வடிந்து போக நேரம் பிடிக்கும். ஆகவே மாத்திரையாகக் கொடுத்தாலும் ஊசியாகக் கொடுத்தாலும் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். மூச்சுத்திணறலில் துடிக்கும் பிள்ளைக்கு முதலில் சால்பியூட்டமால் கொடுப்பது இதனால்தான். அது மூச்சுக்குழாயின் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடுவதில்லை. வீக்கத்தை வடிய வைப்பது ஸ்டீராய்டு.

"இந்த நீல இன்ஹேலர் அடிச்சா உடனே கேக்குது, அந்த இன்னொண்ணு அடிச்சா ஒண்ணும் தெரியல" என்று சொல்லி இரண்டாவதை நிறுத்திவிடுபவர்கள் நம்மில் ஏராளம். உண்மையில் உயிரைக் காப்பது அந்த 'ஒன்றும் தெரியாத' இன்ஹேலர். நீல இன்ஹேலரை மட்டும் நம்பி ஆஸ்துமாவைச் சமாளிப்பது கூடாது என்று 2019-ல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி நெறிமுறையே மாற்றி எழுதப்பட்டது.

கொரோனா சொல்லித் தந்த பாடம்

ஸ்டீராய்டை எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கூடாது என்பதற்குக் கொரோனா காலத்தை விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய 'ரிக்கவரி' ஆய்வின் முடிவு வந்தது. தினமும் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாட்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 நாட்களுக்குள் 41.4 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்த மருந்தும் பெற்றவர்களில் அது 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் ஓரளவு பலன் இருந்தது. 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. அவர்களிடம் இறப்பு 14 சதவீதத்திலிருந்து 17.8 சதவீதமாகக் கூடித்தான் இருந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், மருந்து உதவவில்லை என்பது தெளிவு.

செல்லுக்குள் நடப்பதை வைத்துப் பார்த்தால் இது புரியும். நோயின் முதல் நாட்களில் உடம்பு வைரஸை எதிர்த்துப் போராடுகிறது. அப்போது காவலரின் கையைக் கட்டினால் வைரஸுக்குத்தான் லாபம். பிற்பாடு சிலருக்கு வைரஸை விட எதிர்ப்பு மண்டலத்தின் ஆவேசமே நுரையீரலை அழிக்கிறது. அப்போது அதே மருந்து உயிர் காக்கிறது.

இதைக் கவனிக்காமல் 2021-ல் வந்த இரண்டாம் அலையில் நம் நாட்டில் பலர் காய்ச்சல் தொடங்கிய அன்றே ஸ்டீராய்டு விழுங்கினார்கள். வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டை வைத்துக் கடையில் வாங்கியவர்களும் உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் தேவைக்கு மேற்பட்ட ஸ்டீராய்டும் சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சை நோய் பரவியது. அந்த ஆண்டு ஜூன் முடிவதற்குள் நாடு முழுவதும் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதனால் பாதிக்கப்பட்டதாக மத்திய அரசு தெரிவித்தது. தமிழ்நாடு அரசும் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. கண்ணை இழந்தவர்களும், உயிரை இழந்தவர்களும் நம் ஊர்களிலேயே இருந்தார்கள்.

பக்க விளைவு எங்கிருந்து வருகிறது?

ஸ்டீராய்டின் ஏற்பி எதிர்ப்புச் செல்களில் மட்டும் இருந்தால் பிரச்சினையே இல்லை. உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் அது இருக்கிறது. வலியை அடக்கிய அதே சாவி மற்ற பூட்டுகளையும் திறக்கிறது.

கல்லீரலில் திறந்தால் சர்க்கரை உற்பத்தி கூடுகிறது. சர்க்கரை நோயாளிக்கு ஸ்டீராய்டு தொடங்கினால் காலை வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் போதாது. காலையில் மாத்திரை எடுத்தால் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரை அதிகம் ஏறும். எலும்பில் திறந்தால் எலும்பு கட்டும் செல்கள் சோர்கின்றன. தசை மெலிகிறது. தோல் மெலிந்து கன்றிப் போகிறது. கண்ணில் அழுத்தம் கூடலாம், புரை வரலாம். பசி கூடும், தூக்கம் கெடும், சிலருக்குக் கோபமும் கலக்கமும் வரும். பழைய காசநோய்க் கிருமி உள்ளே உறங்கிக் கொண்டிருந்தால் எழுந்துவிடலாம்.

இவை எல்லாம் எல்லோருக்கும் வருவதில்லை. அளவும் நாட்களும்தான் தீர்மானிக்கின்றன. 5 நாள் மாத்திரைக்கும் 5 மாத மாத்திரைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முடிந்தவரை குறைந்த அளவு, குறைந்த நாள், நேராக நோயுள்ள இடத்துக்கு மட்டும் என்பதே மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் விதி.

ரத்தப் பரிசோதனை அறிக்கையை நீங்களே வாசிக்கும் பழக்கம் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும்போது ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒருவகை வெள்ளை அணுக்கள் ரத்த ஓட்டத்துக்குள் வந்துவிடும். எண்ணிக்கை கூடித் தெரியும். கிருமித் தொற்று என்று அவசரப்பட்டு முடிவு செய்யாமல், எடுக்கும் மருந்தைச் சொல்லி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்?

நம்மில் பலர் செய்யும் ஆபத்தான காரியம் இதுதான். உடம்பில் கார்ட்டிசால் எவ்வளவு இருக்கிறது என்பதை மூளை இடைவிடாமல் கண்காணிக்கிறது. குறைந்தால் பிட்யூட்டரி வழியாக அட்ரீனலுக்கு உத்தரவு அனுப்பும். வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால் "போதுமான அளவு இருக்கிறது" என்று மூளை உத்தரவை நிறுத்திவிடும். சில வாரங்கள் இப்படியே போனால் வேலையற்ற அட்ரீனல் சுருங்கிப்போகும்.

அந்த நிலையில் ஒரு நாள் மாத்திரையை நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளிருந்தும் சுரக்காது. கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிதல் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். சில வாரங்களுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மருத்துவர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, உறங்கிய சுரப்பி விழித்துக்கொள்ள அவகாசம் கொடுக்கத்தான். சில நாட்கள் மட்டும் கொடுத்த மருந்தைப் பெரும்பாலும் சொன்ன நாளோடு நிறுத்தலாம். எது நமக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

காலையில் சாப்பிடச் சொல்வதற்கும் இதே காரணம்தான். உடம்பின் சொந்தச் சுரப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தோடு மருந்தும் சேர்ந்தால் இயற்கையான தாளம் அதிகம் குலையாது, இரவுத் தூக்கமும் கெடாது.

இன்ஹேலர் பயம்

"இன்ஹேலர் பழகிட்டா விடவே முடியாது" என்ற பேச்சு நம் பெண்கள் கூடும் இடங்களில் இன்றும் கேட்கிறது. இன்ஹேலர் போதைப்பொருள் அல்ல. நோய் நீண்ட காலம் இருப்பதால்தான் மருந்தும் நீண்ட காலம் தேவைப்படுகிறது. ஆஸ்துமா தீவிரமாகிப் பெரியவர் ஒருவர் மாத்திரை எடுத்தால் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை தேவைப்படும். இன்ஹேலரில் வருவதோ 100, 200 மைக்ரோகிராம் கணக்கு. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். இரண்டும் வேறு வேறு மருந்துகள் என்பதால் எடைக்கு எடை ஒப்பிட முடியாது என்றாலும், உடம்பு முழுக்கப் பரவும் அளவு இன்ஹேலரில் மிகக் குறைவு என்பதில் சந்தேகமில்லை.

பிள்ளைகள் உயரம் குறையுமா என்ற கவலைக்கும் பதில் இருக்கிறது. சிறு வயதில் சில ஆண்டுகள் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்களைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில், வித்தியாசம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர். மூச்சுத்திணறலில் இரவுத் தூக்கமும் பள்ளிக்கூடமும் இழப்பதோடு ஒப்பிட்டுப் பெற்றோர் முடிவு செய்யலாம். இன்ஹேலருக்குப் பின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தொண்டையில் தங்கும் மருந்து அங்கே காவலைக் குறைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும் என்பதே காரணம்.

வெள்ளையாக்கும் கிரீம்

நிக்காஹ் பேச்சு தொடங்கியதும் பெண்ணின் முகத்துக்கு ஒரு கிரீம் வந்து சேர்கிறது. தோழி கொடுத்தது, பார்லரில் தந்தது, வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்தது என்று பல வழி. அதில் பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். பின்னர் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிய, பருவும் முடியும் முளைக்கும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்துவிடும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடியும் அதையே பூசுவார்கள். படர்தாமரைக்கு இதே களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் அரசு போட்டது. அதைக் கடைப்பிடிப்பது நம் கையில் இருக்கிறது. நிறத்தை வைத்துப் பெண்ணை எடை போடும் பழக்கத்தை விடுவதும் நம் கையில்தான் இருக்கிறது.

மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் "நாட்டு மருந்து" என்று பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் பொடிகளையும் சந்தேகத்தோடு பாருங்கள். எந்த மருந்துக்கும் அசையாத வலி இரண்டே நாளில் மாயமாகப் பறந்தால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. காய்ச்சல், உடம்பு வலி என்று சொன்னால் கடையில் பிரித்துத் தரும் செட் மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை.

நோன்பு காலத்தில்

ரமலானில் "முப்பது நாள்தானே" என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. மேலே சொன்ன காரணத்தால் இது மிகவும் ஆபத்து. நாளுக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரையைப் பலருக்கு சஹர் உணவோடு மாற்றி அமைக்க முடியும். காலை மாலை இரண்டு வேளை இன்ஹேலரை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாம். ஆனால் அட்ரீனல் குறைபாடு உள்ளவர்கள், அதிக அளவு எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் நோன்பு வைக்கலாமா என்பதை ஷஅபானிலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை ஏற்றுக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. உம்ரா, ஹஜ் பயணத்தில் இந்த மாத்திரை கைப்பையில் இருக்கட்டும். பெட்டி தாமதமானாலும் ஒரு வேளை தவறக்கூடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

சீட்டில் ஸ்டீராய்டு இருந்தால் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இது எதற்காக? எத்தனை நாள்? நிறுத்தும்போது குறைத்துக்கொண்டே வர வேண்டுமா? எனக்குள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய காசநோய்க்கு இது ஒத்துக்கொள்ளுமா? நீண்ட நாள் எடுப்பவர்கள் அந்த விவரத்தை எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்தோ அவசர அறுவை சிகிச்சையோ வந்தால் முதலில் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதமான மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

இன்று உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். 'சோன்', 'சோலோன்' என்று முடியும் பெயர் கண்ணில் பட்டால் அது ஸ்டீராய்டாக இருக்கலாம். எதற்காக வாங்கியது, யார் எடுக்கிறார்கள், எத்தனை நாளாக என்று உம்மா வாப்பாவிடம் கேளுங்கள். நீண்ட நாளாக எடுத்து வருகிறார்கள் என்று தெரிந்தால் பயத்தில் அதைப் பிடுங்கிப் போடாமல், மாத்திரை அட்டையோடு அவர்களை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.